கொள்கையன்று, முறி!

ஊரப்பாக்கத்தில் தொடர்வண்டி ஏறிச் சென்னை நோக்கிச் செல்வார், தாம்பரம் கடந்தபின் குரோம்பேட்டை நிலையத்தைக் காண்பர். குரோம் தோல் தொழிலகம் அங்கிருந்தமையால் வந்த பெயர் அது. தோல் பதனிடப் பயன்படும் ஒரு மாழையின் பெயரே ஊர்ப்பெயராகி நிலைத்துவிட்டது. அதனையடுத்து நாகல்கேணி. கேணியின் பெயரால் வழங்கும் அவ்வூரின் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பதை ஆய்வாளர் அளந்து எழுதியுள்ளனர். ஊர்ப்பெயரில் வேற்றுச்சொல் புகுந்ததற்கு நாம் பலகாலும் வருந்தியுள்ளோம். ஊர்நீரில் நஞ்சு புகுந்ததற்கு அவ்வளவு வருந்தினோமா?

மேற்கே இராணிப்பேட்டையின் நிலை இதனினும் கொடிது. அங்குச் சிப்காட்டு வளாகத்தில் 1970-களில் தொடங்கி 1995-இல் மூடப்பட்ட குரோமேட்டுத் தொழிலகம் ஒன்று, ஒன்றரை இலக்கம் தொன்னுக்கு மேற்பட்ட நச்சுக்கழிவைக் குவித்துவிட்டுப் போயிற்று. மழைதோறும் அக்குவியலினின்று மஞ்சள்நீர் வடிந்தது. அவ்வழியே ஓடிவரும் பாலாறுதான் செங்கற்பட்டு மாவட்டத்தையும் கடந்து கடலில் கலக்கின்றது. எனவே இது பிறர் ஊர்க் கதையன்று.

நிலத்தைத் தூய்மை செய்யும் செலவை யார் ஏற்பது? மாசு செய்தவனே ஏற்கவேண்டும் என்று 1996-இல் வேலூர்த் தோல் ஆலைகள் வழக்கில் உச்ச நயன்மன்றம் தெளிவாகக் கூறிற்று. ஏறத்தாழ முப்பதாண்டு கழிந்து, 2025 சனவரியில் அதே மன்றம், இழப்பீடு பெறாதோர்க்கு மாநில அரசு முதலில் கொடுத்துவிட்டு மாசு செய்தோரிடமிருந்து பின்னர்த் தண்டிக்கொள்க என்று ஆணையிட்டது. அவ்வாண்டு சூலையில் நடுவணரசு வெளியிட்ட மாசுநில விதிகளும் பொறுப்பாளியே செலவை ஏற்கவேண்டும் என்கின்றன. அவன் அகப்படாவிடினோ வலுவற்றுப் போயினோ, செலவு அரசுகளின் தலையில் விழும். மூடிய ஆலையிடம் எதைத் தண்டுவது? பூட்டையும் துருவேறிய தகரத்தையுமா?

இங்குத்தான் எவரும் கருதாத ஒன்றை நினைவூட்ட விரும்புகின்றேன். ஆலை மூடப்படலாம், அது முன்பு எடுத்த பொறுப்புக் காப்பீட்டு முறி மூடப்படுவதில்லை. தம் தொழிலால் பிறர்க்கு நேரும் கேட்டிற்கு ஈடுசெய்யும் பொறுப்பை, கட்டணம் பெற்றுக்கொண்டு ஒரு காப்பீட்டு நிறுவனம் ஏற்கும் உடன்படிக்கையே அது. கேடு நிகழ்ந்த ஆண்டைக் கணக்கிடும் முறியாயின், முப்பதாண்டு கழித்துக் கேடு வெளிப்பட்டாலும் அந்நிறுவனம் விடையிறுக்கக் கடமைப்பட்டதே.

அமெரிக்க நாட்டார் இதனை நன்கறிந்தனர். இலவ் கால்வாய் என்னுமிடத்தில் புதைத்த நஞ்சு 1978-இல் ஊரையே காலிசெய்ய வைத்தபின், 1980-இல் மாசுநிலத் தூய்மைச் சட்டம் வந்தது. பொறுப்புச் சுமத்தப்பெற்ற நிறுவனங்கள் தம் பழைய முறிகளைத் தேடத் தொடங்கின. முறி தொலைந்திருந்தால், கணக்கேடு, கட்டணச் சீட்டின் அடிக்கட்டை, முகவர் எழுதிய மடல் ஆகியவற்றைக் கொண்டு அது இருந்தமையை மெய்ப்பித்தனர். இத்தேடலே அங்குக் காப்பீட்டுத் தொல்லியல் என்னும் பெயரோடு ஒரு தனித்தொழிலாயிற்று. காப்பீட்டார் அஞ்சி 1986 அளவில் மாசுக்கேட்டை அடியோடு விலக்கும் வரியைப் புதிய முறிகளிற் சேர்த்தனர். பழையவற்றிலோ அவ்வரி இல்லை.

நம் நாட்டில் 'பாலிசி' என்னும் ஆங்கிலச் சொல்லைக் 'கொள்கை' என்று மொழிபெயர்த்துக் 'காப்பீட்டுக் கொள்கை' என எழுதும் அறியாமை எங்கும் பரவியுள்ளது. அரசின் கொள்கையைக் குறிக்கும் சொல்லும் காப்பீட்டில் வழங்கும் சொல்லும் ஆங்கிலத்தில் ஒலியால் ஒன்றாயினும் பிறப்பால் வேறு. பின்னது இத்தாலிய மொழியினின்று வந்தது. சான்றுச் சீட்டு என்பதே அதன் பொருள். தமிழில் முறி என்க. கொள்கையை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். முறியோ கையொப்பமிட்டவனைக் கட்டும். தவறாகப் பெயரிட்டமையால் உரிமையையும் தவறவிட்டோமோ என்று ஐயுறுகின்றேன்.

இனி, இந்திய முறிகள் கிடைப்பினும் அவற்றைக் கொடுக்க யார் உளர் என்பீர்கள். 107 தனியார் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களை 1973-இல் நடுவணரசு தன்வயமாக்கி நான்காக இணைத்தது. உடைமையோடு பொறுப்பும் சேர்ந்தே கைம்மாறின. நான்கனுள் ஒன்றின் தலைமையகம் சென்னையிலேயே உள்ளது. அரசு நிறுவனம் கொடுத்தாலும் பொதுமக்கள் பணந்தானே என்று சிலர் மடக்குவர். ஆம், ஆனால் எவர் பெட்டியிலிருந்து? தமிழகத்து ஆலைகள் ஆண்டுதோறும் கட்டிய கட்டணம் நடுவணரசின் நிறுவனங்களுக்குச் சென்றது. கேடு வந்தபின் தமிழகக் கருவூலம் மட்டும் வெறுங்கையோடு நிலத்தைக் கழுவவேண்டுமா? கட்டணம் அங்கே, கழிவு இங்கே என்னும் கணக்கை எந்தத் தமிழன் ஒப்புவான்?

மிகைபடக் கூற விரும்பவில்லை. அந்நாளில் எல்லா ஆலைகளும் பொறுப்புக் காப்பீடு எடுத்திரா. முறிக்கு முறி சொல்லும் வேறுபடும். சில, கோரிக்கை எழுந்த ஆண்டையே கணக்கிடும். போபால் கேட்டின்பின் 1991-இல் வந்த பொதுப்பொறுப்புக் காப்பீட்டுச் சட்டமோ திடீர் நேர்ச்சியை நோக்கியது. ஓர் உயிருக்கு 25,000 உருபாவும் உடைமைக்கு 6,000 உருபாவும் என்று அது தொடக்கத்தில் வகுத்த தொகைகள் எள்ளத்தக்கவை. மெல்லக் கசியும் நஞ்சை அது எண்ணவேயில்லை. ஆயினும் படித்துப் பார்க்காமலே இல்லையென்று முடிவுகட்டுவது அறிவுடைமையாகாது.

ஆகவே, மாசு செய்த ஆலைக்கு அரசு விடுக்கும் ஒவ்வோர் அறிவிக்கையிலும், தொடங்கிய ஆண்டுமுதல் மூடிய ஆண்டுவரை எடுத்த காப்பீட்டு முறிகளை ஒப்படைக்க என்னும் கட்டளை இடம்பெற வேண்டும். நான்கு நிறுவனங்களும் தம் பழம்பதிவுகளைத் திறந்துகாட்ட வேண்டும். கேடுற்ற உழவர் படித்தறியும்படி அவை தமிழில் பெயர்க்கப்பட வேண்டும். பல்லாவரம், குரோம்பேட்டை, இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் தோல் ஆலைக் கணக்கராய் இருந்து ஓய்ந்த பெரியோர் நம் அன்பர்களிடையே இருப்பின், பரண்மேல் கிடக்கும் பழங்கணக்கேடுகளை எடைக்குப் போடாமல் எடுத்துவைப்பாராக.