விரல் வெட்டிய காலுக்கு ஓய்வு எங்கே?

'துண்டு வெட்டியாயிற்று, இனி வீட்டுக்குப் போகலாம்' என்று ஆஸ்பத்திரியில் சொன்னவுடன் நம்மவர் முகத்தில் வரும் மகிழ்ச்சி பெரியது. கால்விரலில் சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது, வெட்ட வேண்டியதை வெட்டியாயிற்று, தையலும் போட்டாயிற்று, இனி என்ன என்று நினைக்கிறோம். உண்மையில் பாதி வேலைதான் அங்கே முடிந்திருக்கிறது. மற்றப் பாதி வீட்டில் நடக்க வேண்டும். அந்த வீடு எப்படிப்பட்டது என்று துண்டை எழுதியவருக்குத் தெரியாது. கேட்பதற்கு அவருக்கு நேரமும் இருந்திருக்காது.

துண்டில் இருப்பவை சாதாரணமான சொற்கள். ஓய்வெடுக்கவும். காலை உயர்த்தி வைக்கவும். கட்டை நனைக்க வேண்டாம். வாசிக்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டிப்பொலையில் இதைச் செய்து பார்க்க வேண்டும். இந்நாட்டு ரயில் நிலையங்களில் மிக உயரத்தில் இருப்பது நம் பட்டிப்பொல நிலையம். 6,000 அடிக்கும் மேலே, மூடுபனியும் தூறலும் விட்டுவிட்டு வரும் இடம். லயத்துக் காம்பராவில் ஐந்தாறு பேர். தண்ணீர்க் குழாய் ஒரு பக்கம், கக்கூஸ் இன்னொரு பக்கம், இரண்டுக்கும் நடுவே பாசி பிடித்த படியும் கானும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையிலும் மண்சரிவிலும் வீட்டையும் மரக்கறிப் பாத்தியையும் விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு அந்தக் காம்பராகூட இல்லாமற் போயிற்று. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் ஒரு லயத் தொகுதியே மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. ஆகவே 'வீட்டில் ஓய்வு' என்ற இரண்டு சொற்களையும் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. வீடு எது? ஓய்வை யார் தருவது?

விரலுக்கு வரும் ஆபத்து நம் பகுதியில் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று வேலையில் வரும் காயம். உருளைக்கிழங்குப் பாத்தியில் மம்பட்டி தவறும், முள்ளு குத்தும்போது கால் குறுக்கே வரும், கல் உருண்டு விழும். மற்றது சத்தமில்லாமல் வருவது. அதுதான் சீனி வருத்தம். பல வருடம் கட்டுப்பாடில்லாமல் இருக்கும் சீனி, பாதத்தின் நரம்புகளை மரக்கச் செய்கிறது. இரத்தக் குழாய்களையும் சுருக்குகிறது. செருப்பு உரசிய ஒரு சின்னக் கொப்புளம், காலில் ஏறிய ஒரு முள், இதில்தான் தொடக்கம். வலிக்காததால் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பார்க்கும்போது விரல் கறுத்திருக்கும். இரண்டு வழியும் ஒரே காலில் சந்திக்கும்போதுதான் பெரும்பாலும் விரலை எடுக்க வேண்டி வருகிறது.

'வலிக்கவில்லை, அப்படியென்றால் ஆறிவிட்டது.' நம்மிடையே இதைவிட ஆபத்தான பேச்சு வேறில்லை என்பது நம் கருத்து. இதற்கு எதிராக ஆயுள் முழுவதும் பேசிய ஒரு டொக்டரை இங்கே நினைவுகூர வேண்டும். போல் பிராண்ட் 1914இல் தமிழ்நாட்டுக் கொல்லிமலையில் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளரின் கைகளையும் கால்களையும் சீராக்கும் வேலையில் இறங்கினார். விரல்கள் நோயினால் அழுகி விழுகின்றன என்று ஊர் நம்பியது, டொக்டர்மார் பலரும் நம்பினார்கள். அவர் கூர்ந்து பார்த்தபோது தெரிந்தது வேறு. வலி தெரியாததால் மனிதர் புண்ணோடு நடக்கிறார்கள், சூடான சட்டியைப் பிடிக்கிறார்கள், அப்படித்தான் தாங்களே அறியாமல் விரல்களை இழக்கிறார்கள். இரவில் விரல் குறைந்த நோயாளிகளைக் கவனித்தபோது, மரத்த விரலை எலி கடித்துத் தின்றது தெரியவந்தது. அதன்பின் வீட்டுக்குப் போகும் நோயாளியோடு ஒரு பூனையையும் அனுப்பினார்களாம். லயத்து எலிகளை அறிந்த நாம் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போக முடியாது. சீனி வருத்தத்தில் மரத்த காலுக்கும் எலி எலிதான்.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1930களிலேயே இலங்கையில் மில்ரோய் போல் என்ற தமிழ்ச் சத்திரசிகிச்சை நிபுணர், தொழுநோயாளரின் பாதப் புண்ணுக்குப் பிளாஸ்டர் கட்டுப் போட்டு ஆற்றினார். பிராண்டும் அவருடன் வேலை செய்தவர்களும் அதே வழியை வளர்த்தார்கள். பின்பு அமெரிக்காவில் அது சீனி வருத்தக்காரரின் காலுக்கும் பயன்பட்டது. பிளாஸ்டரில் மருந்து எதுவும் இல்லை. புண்ணின் மேல் பாரம் விழாமல் அது தடுத்தது, அவ்வளவுதான். மாதக்கணக்கில் ஆறாத புண் ஆறியது. அதாவது ஓய்வு என்பது வசதியுள்ளவர் எடுத்துக்கொள்ளும் சலுகை அல்ல, அது மருந்து. குளிசையைப் பாதியில் நிறுத்தினால் திட்டுகிறோம் அல்லவா? மூன்றாம் நாள் எழுந்து தண்ணீர் தூக்குகிறவரையும் அதே போலத் தடுக்க வேண்டும்.

சரி, ஓய்வை எப்படி உண்டாக்குவது? காலை உயர்த்தி வைப்பதென்றால் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு முக்காலியில் நீட்டுவது மட்டும் போதாது. படுத்திருக்கும்போது பாதம் நெஞ்சைவிட உயர்ந்திருக்க வேண்டும். தலையணை இல்லாவிட்டால் மடித்த கம்பளி, உடுப்பு மூட்டை, அரிசிச் சாக்கில் கட்டிய வைக்கோல், எதுவானாலும் சரி. காலுக்கு இரத்தம் குறைவு என்று டொக்டர் சொல்லியிருந்தால் மட்டும் எவ்வளவு உயர்த்தலாம் என்று அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். கக்கூசில் குந்துவது முன்பாதத்தில் பாரத்தை இறக்கும், தையலையும் இழுக்கும். பழைய பிளாஸ்டிக் கதிரையின் நடுவே ஓட்டை வெட்டிக் குழியின் மேல் வைத்தால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. நடந்தே ஆக வேண்டுமானால் ஆஸ்பத்திரியில் சொன்னபடி குதிகாலில் மட்டும் ஊன்ற வேண்டும். இறக்கத்தில் நம்மையறியாமல் விரல் பக்கமே பாரம் போகும். ஆகவே படியிறங்கும்போது ஒருவர் தோளைப் பிடித்துக்கொள்வதில் வெட்கம் எதற்கு?

குளிரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பட்டிப்பொலைக் குளிரில் காலை அடுப்படியில் நீட்டுவது நம் வழக்கம். மரத்த காலை அப்படி நீட்டினால் வெந்த பிறகும் தெரியாது. சுடுநீர்ப் போத்தலும் அப்படியே, சுடுநீரில் ஊறவைப்பதும் அப்படியே. போர்வையாலும் தளர்ந்த கம்பளிக் காலுறையாலும்தான் காலைச் சூடாக வைக்க வேண்டும். சிகரட்டும் பீடியும் சுருங்கிய குழாயை மேலும் சுருக்கும், ஆறும்வரையாவது அவற்றை விட்டால் நல்லது. கட்டின்மேல் கோப்பித் தூள், சாம்பல், மஞ்சள், பற்பசை எதுவும் வேண்டாம். பாட்டியின் கைவைத்தியத்துக்கு நாம் எதிரி இல்லை, ஆனால் தையல் போட்ட விரல் அதற்குரிய இடமில்லை. பாதத்துத் தையல் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் இருக்கும், அதை வீட்டில் பிளேட்டால் வெட்டக் கூடாது. சிவப்பு மேலே பரவினால், வீங்கிச் சுட்டால், சீழோ நாற்றமோ வந்தால், பக்கத்து விரல் கறுத்தால், காய்ச்சலும் நடுக்கமும் கண்டால், அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றைக்கே போக வேண்டும்.

இடம்பெயர்ந்து மண்டபங்களில் தங்கியிருக்கும்போது கிளினிக் கொப்பி தொலைவது சகஜம். கொப்பி இல்லையென்று போகாமல் இருந்துவிட வேண்டாம், இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததைச் சொன்னால் போதும். இன்சுலின் போடுகிறவர்கள், குளிர்ப்பெட்டி இல்லை என்பதற்காக ஊசியை நிறுத்துவதையும் கேள்விப்படுகிறோம். பாவித்துக்கொண்டிருக்கும் போத்தல் வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும். நம் மலைக் குளிரில் அது பெரிய காரியமில்லை, உறையாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெட்டிய விரலோடு கதை முடிவதில்லை. அந்த விரல் சுமந்த பாரம் பக்கத்து விரல்களுக்குப் போகிறது, மற்றக் காலும் அதே சீனியில்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகர டொக்டர்மார் 2011இல் வெளியிட்ட ஒரு சோதனையை நம் வீடுகளில் பிள்ளைகளே செய்யலாம். கண்ணை மூடச் சொல்லி, இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை நம் விரலால் மெதுவாக, அழுத்தாமல், ஒரு கணம் தொட வேண்டும். மொத்தம் ஆறு தொடுகை. அவற்றில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லையென்றால் உணர்வு குறைந்துவிட்டது. ஒரு சதமும் செலவில்லை. எந்த விரலும் இழக்காதவர் வீட்டிலும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

இனிக் கொஞ்சம் கசப்பான விஷயம். கணவனுக்கு விரல் வெட்டினால் மனைவி சமைக்கிறாள், தண்ணீர் சுமக்கிறாள், கொழுந்துக்கும் போகிறாள். அவர் இஸ்தோப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார், அது சரியே. மனைவிக்கு வெட்டினால்? இரண்டாம் நாள் அடுப்படி, நான்காம் நாள் துணி துவைக்கும் கல். கட்டு நனைந்துதான் போகும். 'அவளுக்கு ஆறுகிற உடம்பில்லை' என்று பிறகு பேசிக்கொள்கிறோம்! ஓய்வு என்பது வீட்டில் வேறொருவர் செய்யும் வேலையால்தான் உண்டாகிறது. அந்த வேறொருவர் எப்போதும் ஒரு பெண்ணாகவே இருக்க வேண்டும் என்று எந்த டொக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. மூத்த மகன் தண்ணீர் தூக்கட்டும். அடுத்த காம்பராக்காரர் முறை வைத்து ஒரு நேரச் சாப்பாடு தரட்டும். மரண வீட்டுக்கு நாம் செய்வதை உயிரோடிருப்பவரின் காலுக்கும் செய்யலாம் அல்லவா?

சம்பளமும் ஓய்வுக்கு எதிராகவே நிற்கிறது. 2021இல் நாளுக்கு 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது, 2024இல் 1,350 ஆயிற்று. இரண்டுமே பெரட்டுக்கு வந்து பேர் விழுந்தவருக்குத்தான். மரக்கறித் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகிறவருக்கு அந்தக் கணக்குக்கூட இல்லை. வேலையில் பட்ட காயத்துக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டிலிருந்தே இந்நாட்டில் சட்டம் இருக்கிறது. ஆனால் காயம் பட்ட அன்றே அதைப் பதிவு செய்யாமல், 'சின்னக் காயம்தானே' என்று வீட்டுக்குப் போய்விட்டுப் பின்பு விரல் போனதும் கேட்டால் யார் நம்புவார்கள்? எத்தனை சின்னக் காயமானாலும் தோட்டத்து டிஸ்பென்சரியில் எழுதிவைக்கச் சொல்ல வேண்டும். ஆறும் வாரங்களில் விதைக் கிழங்கு தெரிவது போன்ற உட்கார்ந்து செய்யும் வேலையைக் கேட்பதும் நியாயமே.

மருந்தும் வீடும் ஒன்றாக வராவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் தோட்டங்களிலேயே பழைய சாட்சி உண்டு. 1916இல் அமெரிக்க ரொக்பெல்லர் நிறுவனத்தார் இங்கே கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினார்கள். வெறுங்காலின் தோல் வழியே ஏறும் புழு அது. ஆயிரக்கணக்கானோருக்கு மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. ஆனால் கக்கூஸ் கட்டுவதில் தோட்டங்கள் காட்டிய வேகம் குறைவு. அதே ஈர மண்ணில் அதே வெறுங்காலோடு நடந்தவருக்குப் புழு திரும்ப வந்தது. வெறுங்காலைக் குறை சொல்வது சுலபம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். 200 ஆண்டு நினைவாக 2023இல் அதே வழியில் நம்மவர் மீண்டும் நடந்து போனார்கள். நம் முன்னோருக்கு யாரும் சப்பாத்து வாங்கித் தரவில்லை.

புதிய குடியிருப்புக்காகக் காணி அளக்க உத்தியோகத்தர் வரும்போது 7 பேர்ச்சா 10 பேர்ச்சா என்பதோடு நம் கேள்வி நின்றுவிடக் கூடாது. கக்கூஸ் வீட்டுத் தரை மட்டத்தில் இருக்குமா? குழாய்க்குப் போகும் வழியில் எத்தனை படி? பிடித்து நடக்கக் கம்பி உண்டா? நோயாளியைத் தூக்கிக்கொண்டு போக, வாகனம் எவ்வளவு தூரத்தில் நிற்கும்? தற்காலிகமாக மண்டபங்களில் இடம் பிரிக்கும்போதும், காலில் கட்டுள்ளவருக்குக் கக்கூசுக்குப் பக்கமான, ஈரமில்லாத மூலையைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்க வேண்டியவர் நோயாளி அல்ல, பக்கத்துப் பாயில் படுத்திருக்கும் நாம். நிவாரணப் பட்டியல் எழுத வருகிறவர்களிடம் அரிசி, பருப்போடு அளவான மூடிய சப்பாத்து ஒரு சோடியையும் சேர்க்கச் சொல்லலாம். கொடுக்கிற சப்பாத்து இறுக்கமாக இருந்தால் கூச்சப்படாமல் மாற்றிக் கேட்க வேண்டும். போடுவதற்கு முன் ஒவ்வொரு நாளும் உள்ளே கைவிட்டுக் கல்லோ ஆணியோ இருக்கிறதா என்று தடவிப் பார்த்த பிறகுதான் கால் உள்ளே போக வேண்டும்.