நாற்பதுக்கும் எண்பதுக்கும் இடையில்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 40 விழுக்காடு குறைபாட்டை அளவுகோலாகக் கொள்கிறது. இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டமோ 80 விழுக்காடு கேட்கிறது. வறுமைக்கோட்டுப் பட்டியலிலும் பெயர் இருக்க வேண்டும். 60 விழுக்காட்டுச் சான்றிதழ் பெற்ற கூலித் தொழிலாளி சட்டப்படி மாற்றுத்திறனாளி. ஒன்றிய அரசின் ஓய்வூதியப் பதிவேட்டில் அவருக்கு இடமில்லை.

இடம் கிடைத்தவருக்கும் 79 வயதுவரை ஒன்றிய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய்தான். 2012க்குப் பின் அது உயரவில்லை. சக்கர நாற்காலியில் வாழ்பவர் ஆட்டோவில் வங்கிக்குச் சென்று திரும்புவதற்குள் அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். மாநிலங்கள் சேர்க்கும் தொகை இடத்துக்கு இடம் மாறுகிறது.

பிறருக்கான ஒத்த திட்டங்களைவிட 25 விழுக்காடாவது கூடுதலாக வழங்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 24ஆம் பிரிவு. கைம்பெண் ஓய்வூதியமும் அதே 300 ரூபாய் (அதுவும் போதாது என்பது வேறு). பொருளாதார இயலுமைக்கு உட்பட்டு என்னும் தொடரும் அப்பிரிவிலேயே இருக்கிறது. அரசுக்கு அது போதுமானதாக இருக்கிறது.