மஞ்சள் பாலை வடிக்கச் சொல்லுங்கள்

மதுரை மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை நியமன அலுவலர் அவர்களுக்கு,

வண்டியூரிலிருந்து எழுதுகிறேன். தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் நடப்பவர்களை நம்பி நிற்கும் தள்ளுவண்டிகளில் அருகம்புல், வாழைத்தண்டுச் சாறுகளோடு கற்றாழை ஜூஸும் விற்கிறது. கோடையில் அதற்குத்தான் கிராக்கி. அதைத் தடுக்கச் சொல்லி எழுதவில்லை; உடம்புச் சூட்டுக்குச் சோற்றுக் கற்றாழை சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான் நாங்களும். அதைச் சீவுகிற விதம்தான் என்னை எழுத வைக்கிறது.

ஒரு வண்டியருகே நின்று பார்த்தேன். மடலை அறுத்ததும் அடியிலிருந்து மஞ்சள் பால் கசிந்து பலகையில் இறங்கியது. வடியட்டும் என்று விடவில்லை. அதே கத்தியால் தோலைச் சீவி, பச்சை ஒட்டியிருந்த சோற்றை அப்படியே வழித்து, மோரில் போட்டு, இஞ்சி, உப்பு சேர்த்துக் கடைந்து நீட்டினார். "அலசலையா?" என்றேன். "அலசுனா சத்துப் போயிரும்ணே. கசப்புலதான் மருந்தே இருக்கு."

மருந்து இருப்பது உண்மைதான், அதுதான் சிக்கல். அந்தக் கசப்பு, தோலுக்கு அடியில் ஓடும் பாலில் உள்ள அலோயின். பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள நுண்ணுயிரிகள் அதை உடைக்கின்றன. வயிறு முறுக்கிப் பேதியாகிறது. தொடர்ந்து குடித்தால் உடம்பிலிருந்து பொட்டாசியமும் இறங்கும். நீர் பிரிய மாத்திரை போடுபவருக்கும், இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுபவருக்கும் இது விளையாட்டல்ல. கர்ப்பிணிகளுக்கு அறவே ஆகாது. இதே பாலைக் காய்ச்சி இறுக்கியதுதான் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மூசாம்பரம். அதைச் சித்த வைத்தியர் அளவு பார்த்துத்தான் உள்ளுக்குக் கொடுப்பார். வண்டியில் டம்ளர்தான் அளவு.

அமெரிக்காவில் பேதி மருந்தாகக் கடையில் நேரடியாக விற்ற கற்றாழைச் சரக்குகளை, பாதுகாப்புக்குச் சான்று போதவில்லை என்று 2002-இல் நிறுத்தினார்கள். பால் நீக்காத முழு மடல் சாற்றை 2 ஆண்டுகள் குடித்த எலிகளுக்குப் பெருங்குடலில் கட்டிகள் வந்தன. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அந்தச் சாற்றை, மனிதருக்குப் புற்றுநோய் தர வாய்ப்புள்ளவை என்கிற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. எலிக்கு வந்தது நமக்கும் வந்தே தீரும் என்பதில்லை. பால் வடித்துக் கழுவிய சோற்றைப் பற்றிய பேச்சும் இல்லை இது. ஆனால் தினமும் வெறும் வயிற்றில் குடிப்பவர்கள், "இயற்கைதானே, என்ன செய்யும்" என்று கேட்பதற்குமுன் எதைக் குடிக்கிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

வழி எளிது. அறுத்த மடலைக் கால் மணி நேரம் அடி கீழாக நிறுத்திப் பாலை வடிக்க வேண்டும். பச்சை துளியும் ஒட்டாமல் தோலை ஆழச் சீவி, சோற்றை ஏழு தண்ணீர் மாற்றி அலச வேண்டும். வீட்டில் பெரியவர்கள் செய்ததும் அதைத்தான்.

2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த வண்டிகளுக்குப் பதிவுச் சான்று தருவது உங்கள் துறை. தரும்போதே இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் தினமும் மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்டுக் குடிக்கவும் என்று வண்டியில் தமிழில் எழுதி வைக்கவும் சொல்லுங்கள். அபராதம் வேண்டாம், அன்றாடம் சம்பாதித்துச் சாப்பிடுபவர்கள். காலை ஆறு மணிக்கு உங்கள் அலுவலர் ஒருவர் தெப்பக்குளம் பக்கம் வந்தால் போதும், எல்லோரும் அங்கேயே இருப்பார்கள்.

இப்படிக்கு,
வண்டியூர்வாசி ஒருவர்