மிஸ் அடிச்சது வண்டி... மாட்டிக்கிட்டது டிரைவர்!

மெக்கானிக்கல் மக்களே! (சிவில், இ.சி.இ, ஆர்ட்ஸ் மக்களும் ஓடிடாதீங்க... மேட்டர் உங்களுக்கும்தான்!)

'வண்டி மிஸ் அடிக்குது' - இதைக் கேட்காத வீடு இருக்கா என்ன? நல்லா போயிட்டிருக்கிற வண்டி திடீர்னு இருமும். பிக்கப் செத்துடும். ரெண்டு குலுக்கு குலுக்கிட்டு மறுபடியும் ஒழுங்கா ஓடும். மெக்கானிக் கடையில நிறுத்தினா மட்டும், பிரின்சிபால் ரூமுக்குள்ள போன லாஸ்ட் பெஞ்ச் பையன் மாதிரி அவ்வளவு நல்ல பிள்ளை! ஒரேயடியா படுத்துட்ட இன்ஜினைக்கூட சரி பண்ணிடலாம் பாஸ். அப்பப்போ மட்டும் மக்கர் பண்றது இருக்கே... அதுதான் ஆளைக் கொல்லும்.

எங்க சித்தப்பாகிட்ட ஒரு பழைய டீசல் பிக்கப் வண்டி இருக்கு. நாலு சிலிண்டர். சென்சார், கம்ப்யூட்டர்னு எந்த பந்தாவும் இல்லாத தலைமுறை. தோட்டத்துல இருந்து மேரக்காய், பீன்ஸ் ஏத்திக்கிட்டு வடகாடு மலைப்பாதை வழியா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு இறங்கும். சாயங்காலம் காலி வண்டியா மேல ஏறும். அந்த ஏத்தத்துலதான் மிஸ்ஸிங். அதுவும் டிரைவர் அண்ணன் ஓட்டும்போது மட்டும்! ஞாயித்துக்கிழமை சித்தப்பா எடுத்துட்டுப் போனா, அதே ஏத்தத்துல ஜிவ்வுனு ஏறும்.

அப்புறம் என்ன... வீட்டுல தீர்ப்பு ரெடி. 'டீசலை உருவிட்டு என்னத்தையோ கலக்குறான்டா. அதுல, டேங்கை ஃபுல் பண்ணிக் குடுங்க, வண்டி நல்லா போகும்னு வேற கேக்குறான். நெஞ்சழுத்தத்தைப் பாரு!'

செமஸ்டர் லீவுக்குப் போன நான் சும்மா இருந்திருக்கலாம். 'இன்ஜினீயர்' ஆச்சே! புத்தகத்துல படிச்சதை வெச்சு, 'இன்ஜெக்டர் பிராப்ளம் சித்தப்பா'ன்னு அடிச்சு விட்டேன். நாலு இன்ஜெக்டரையும் கழட்டி சர்வீஸ் பண்ணினதுல சுளையா 7,000 ரூபாய் காலி. சந்தோஷத்துல சித்தப்பா டேங்கையும் ரொப்பினார். ரெண்டு நாள் வண்டி தங்கம். மூணாவது நாள்... டப், டப்!

'இன்ஜெக்டரும் பாத்தாச்சு. இனி தப்பு அவன்கிட்டதான். ஒண்ணாம் தேதியில இருந்து வர வேணாம்னு சொல்லிடப் போறேன்'னார் சித்தப்பா. நானும் தலையாட்டினேன். ஆமாங்க, நானும்தான். ஏன்னா அவர் தப்பு பண்ணலைன்னா, என் 7,000 ரூபாய் டயக்னோசிஸ்தானே தப்பு?

ராத்திரி தூக்கம் வரலை. மறுநாள் அண்ணனோட வண்டியிலேயே ஏறி, டவுன்ல இருக்கிற டீசல் பம்ப் மெக்கானிக்கைப் பாக்கப் போனேன். வயசானவர். இன்ஜினைத் திறக்கவே இல்லை. 'என்ன கோளாறுன்னு நீ சொல்லாத தம்பி. எப்பெப்ப வருதுன்னு மட்டும் சொல்லு'ன்னார். திருதிருன்னு முழிச்சேன். மூணு வருஷமா இன்ஜினைப் படிக்கிறேன், அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

அப்புறம் இன்ஜினை ஐடிலிங்ல ஓடவிட்டு, இன்ஜெக்டருக்குப் போற பைப் நட்டை ஒவ்வொண்ணா லூஸ் பண்ணி, இறுக்கிக்கிட்டே வந்தார். லூஸ் பண்ணும்போது சத்தம் தடுமாறினா அந்த சிலிண்டர் வேலை செய்யுதுன்னு அர்த்தம். மாற்றமே இல்லைன்னா அது ஏற்கெனவே தூங்குது. நாலுக்கும் ஒரே மாதிரி தடுமாறுச்சு. (இதை நீங்க ட்ரை பண்ணாதீங்க. பீய்ச்சுற டீசல் தோலைக் கிழிச்சு உள்ள போயிடும். அதுவும் 1,000 பாருக்கு மேல பிரஷர் இருக்கிற காமன் ரெயில் வண்டியில கையே வைக்கக் கூடாது.)

'ஒருத்தன் மட்டும் இருமினா அவனைச் சந்தேகப்படு. நாலு பேரும் சேர்ந்து இருமினா, நாலு பேரும் குடிக்கிற தண்ணியைப் பாரு'ன்னார் பெரியவர். நோட் பண்ணிக்கிட்டேன்.

நிஜமாவே நோட்! அடுத்த நாலு நாள் அண்ணனோட பக்கத்து சீட்ல நான். மிஸ் அடிக்கிறப்ப எல்லாம் எழுதினேன். ஏத்தமா, சமவெளியா? இன்ஜின் சூடா, ஆறியிருக்கா? டேங்க்ல எவ்வளவு? நாலாவது நாள் நோட்டைப் புரட்டினா, மிஸ் அடிச்ச அத்தனை வரியிலயும் ரெண்டு விஷயம் மட்டும் மாறவே இல்லை. ஏத்தம், டேங்க் கால்வாசிக்குக் கீழே.

அப்பதான் உறைச்சுது. சித்தப்பா வண்டி எடுக்கிறப்ப எல்லாம் ஃபுல் டேங்க் போடுவார். அண்ணன் கையில குடுக்கிறது தினமும் 500 ரூபாய், அஞ்சு லிட்டர் சொச்சம்! ஆள் மாறினதுனால வண்டி மிஸ் அடிக்கலை. அளவு மாறினதுனால அடிச்சிருக்கு.

'டேங்க் ஃபுல்லா இருந்தா வண்டி நல்லா போகும்னு ஆறு மாசமா சொல்றேன் தம்பி'ன்னார் அண்ணன், ரோட்டைப் பாத்துக்கிட்டே. கோபமா சொல்லியிருந்தாக்கூட பரவாயில்லை.

பெரியவர் அடுத்த டெஸ்ட்டுக்கு, அண்ணன் போட்டிருந்த அதே டீசலை டேங்க்ல இருந்து 5 லிட்டர் கேன்ல பிடிச்சார். கேனைப் பின்னாடி கட்டி, புது ஹோஸ் போட்டு நேரா ஃபீட் பம்ப்புக்குக் குடுத்தார். ரிட்டர்ன் லைனும் கேனுக்கே. மலையேறினோம். ஒரு இருமல்கூட இல்லை! கலப்படம்னு சொன்ன அதே டீசல்தாங்க அது. அப்போ டீசல் சுத்தம், இன்ஜெக்டர் சுத்தம், டிரைவரும் சுத்தம். மிச்சம் இருக்கிறது டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவுல இருக்கிற பைப்தான்.

பழைய லைனை மாட்டி, பம்ப்புக்கு முன்னாடி ஒரு துண்டு கண்ணாடி டியூப் சேர்த்தார். உள்ளே குமிழ் குமிழா காத்து! டேங்க் பக்கத்துல, கிளிப்புக்கு அடியில ரப்பர் ஹோஸ்ல முடி அளவுக்கு ஒரு வெடிப்பு.

'டீசல் சொட்டவே இல்லையே?'ன்னு கேட்டேன். அங்கேதான் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் சிரிக்குது. அந்த லைன் உறிஞ்சுற லைன். உள்ளே அழுத்தம் வெளிக்காத்தை விடக் கம்மி. அதனால டீசல் வெளியே வராது, காத்து உள்ளே போகும். டேங்க் ரொம்பியிருந்தா பம்ப் ரொம்ப இழுக்க வேண்டியதில்லை. டீசல் இறங்க இறங்க இழுவை கூடும். ஏத்தத்துல முன்னாடி இருக்கிற இன்ஜின், பின்னாடி இருக்கிற டேங்கை விட இன்னும் உசரத்துக்குப் போயிடும். இழுவை இன்னும் ஜாஸ்தி, காத்தும் ஜாஸ்தி. டீசல் அமுங்காது, காத்து அமுங்கும். பம்ப் குடுக்கிற தள்ளை எல்லாம் அந்தக் குமிழே ஸ்பிரிங் மாதிரி வாங்கிக்கும். இன்ஜெக்டர் திறக்காது. அதுதான் மிஸ்ஸிங்!

புது ஹோஸ், ரெண்டு கிளிப், கைப்பம்ப்பை அடிச்சு ஏர் எடுத்தது... எல்லாம் சேர்த்து 350 ரூபாய்.

சித்தப்பா 'ஸாரி' எல்லாம் கேக்கலை. அந்தத் தலைமுறை கேக்காது. நிறுத்தி வெச்சிருந்த சம்பளத்தைக் குடுத்துட்டு, 'காலையில 4 மணிக்கு லோடு இருக்கு, வந்துடு'ன்னார். அவ்வளவுதான். நான் கேட்டேன். 'விடு தம்பி, நீயாவது பக்கத்துல உக்காந்து பாத்தியே'ன்னார் அண்ணன். 7,000 ரூபாயை விட அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது.

ஆறு மாசமா பதில் எங்க வீட்டு வாசல்லயே நின்னுட்டு இருந்திருக்கு. சொன்னவர் கையில டிகிரி இல்லாததால, அது எங்க காதுல டீசல் திருட்டாவே விழுந்திருக்கு!

ஸோ ஃப்ரெண்ட்ஸ்... பைக்கோ, ஃபேனோ, லேப்டாப்போ அப்பப்போ மக்கர் பண்ணினா, ஸ்பானரை எடுக்கறதுக்கு முன்னாடி பேனாவை எடுங்க. 'எப்பெப்ப?'ன்னு எழுதுங்க. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்திப் பாருங்க. முக்கியமா, தினமும் அதை ஓட்டுறவர்கிட்ட கேளுங்க. யாரையாவது கை காட்டுறதுக்கு முன்னாடி கண்டிப்பா கேளுங்க.

வரட்டா? அடுத்த வாரம் பாக்கலாம்!