பெயரிலுள்ள சாய்கோடும் ஜாவாஸ்கிரிப்ட் விவாதமும்

உபகாரச் சம்பளத்திற்கோ வேலைக்கோ இணையத்தில் பாரம் நிரப்புகிறீர்கள். பெயரில் 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி' என்று எழுதியதும் 'தவறான எழுத்து' என்ற சிவப்பு வரி தோன்றுகிறது. அடையாள அட்டையில் உள்ள பெயரையே கணினி ஏற்க மறுக்கிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம் ஒரே வரிதான்: ஆங்கில எழுத்தையும் இடைவெளியையும் மட்டும் அனுமதிக்கும் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன்.

இத்தகைய எழுத்து விதிகளைக் கையாள, ஜாவாஸ்கிரிப்டில் 'ரெக்எக்ஸ்ப்' என்ற பொருள் உள்ளமைந்தே வருகிறது. 2015ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், அதிலிருந்து நாமே துணை வகுப்பு உருவாக்கலாம். அதில் 'எக்ஸெக்' என்ற ஒரு செயலை மாற்றினால் போதும். சோதிக்கும் 'டெஸ்ட்', மாற்றி எழுதும் 'ரிப்ளேஸ்' ஆகியவையும் மாறிவிடும். அவை உள்ளுக்குள் 'எக்ஸெக்'கையே அழைக்கின்றன.

வசதிதான், ஆனால் விலை உண்டு. பெயரின் முன்னுள்ள வெற்றிடத்தை நீக்கிவிட்டுத் தேடும்படி 'எக்ஸெக்'கை மாற்றினோம் என்று வையுங்கள். சோதனை சரியாக நடக்கும். 'ரிப்ளேஸ்' செய்யும்போதோ, கிடைத்த இட எண் மூல வரிக்குப் பொருந்தாமல் வேறு எழுத்து வெட்டுப்படும். மேலும், 'எக்ஸெக்' மாற்றப்பட்டுள்ளதா என்று உலாவி கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். மாறியிருந்தால் வேகமான வழியை விட்டு மெதுவான வழியில் செல்லும்.

இந்தச் சிக்கல், வேகக் குறைவு, பாதுகாப்பு அபாயம் ஆகியவற்றைக் காட்டி, இத்தகைய உள் இணைப்புகளை நீக்கலாம் என்ற முன்மொழிவு ஜாவாஸ்கிரிப்டின் தர நிர்ணயக் குழுவான டிசி39இல் வைக்கப்பட்டது. துணை வகுப்பு எழுதும் வசதி இருக்கும். உள்ளமைந்த செயல்கள் நம் 'எக்ஸெக்'கைத் தேடி வரமாட்டா. ஆனால் பழைய இணையத்தளங்கள் பழுதாகலாம் என்பதால், கொடுத்ததைத் திரும்பப் பெறுவது எளிதல்ல.

டெங்கில் வட்டாரத்திலுள்ள சைபர்ஜெயாவில் மென்பொருள் பயிலும் மாணவர்களுக்கு இதில் பாடம் உண்டு. ரெக்எக்ஸ்பின் வாரிசாக வகுப்பு எழுதாதீர்கள். சாதாரண வகுப்பு ஒன்றினுள் அதை வைத்துப் பயன்படுத்துங்கள். விதியில் சாய்கோட்டுக்கு இடம் கொடுங்கள். தமிழில் பெயர் வாங்குவதானால், 'எழுத்து' என்ற யுனிகோட் வகையை மட்டும் அனுமதிப்பது போதாது. புள்ளியும் உயிர்க்குறிகளும் அதில் சேரா. 'கு' என்பதே ககரமும் உகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். 2018ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் 'தமிழ் வரிவடிவம்' முழுவதையும் ஒரே விதியில் குறிப்பிடலாம்.

நாளை அந்தப் பாரத்தை எழுதப்போவது நீங்களாக இருக்கலாம். அப்போது முதலில் உங்கள் வகுப்புத் தோழர்களின் முழுப் பெயர்களை இட்டுச் சோதித்துப் பாருங்கள்.