அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: எங்கள் ஊர் வெள்ளிமலை பக்கம். மூன்று ஏக்கரில் மரவள்ளியும் சாமையும் போடுகிறேன். மகள் அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் உயிரியல் பிரிவில் பிளஸ் டூ எழுதி முடித்திருக்கிறாள். வேளாண்மை படிக்க வேண்டும் என்கிறாள். ஊருக்கு வந்த ஒருவர், 'சாதிச் சான்றிதழையும் மார்க் ஷீட்டையும் கொடுங்கள், வெளிமாநிலத்தில் நர்சிங் சீட் வாங்கித் தருகிறேன், ஃபீஸெல்லாம் ஸ்காலர்ஷிப்பில் கழிந்துவிடும்' என்கிறார். கொடுக்கலாமா? பையன் பத்தாவது எழுதியிருக்கிறான்.

– கல்வராயன் மலை வாசகர்

பதில்: அசல் சான்றிதழ் எதையும் கொடுக்காதீர்கள் அய்யா. கொடுத்திருந்தால் நாளைக்கே போய் வாங்கி வந்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ரிசல்ட் நேரத்தில் மலைக்கு இப்படி ஆட்கள் வருவது புதிதில்லை. பழங்குடி மாணவர்களுக்குக் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை உண்டு என்பது உண்மை. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆனால், அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் சேர்ந்தால்தான் அந்தப் பணம் வரும். அந்தக் கல்லூரியின் பெயரையும் முகவரியையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அதுவே பதில். 'உதவித்தொகை வரவில்லை, மிச்ச ஃபீஸைக் கட்டு' என்று பாதியில் சொல்லும்போது அசல் அவர்கள் பெட்டியில் இருக்கும். பிள்ளை அங்கேயும் படிக்க முடியாது, வேறு இடத்திலும் சேர முடியாது. நர்சிங் நல்ல படிப்புதான். மகளுக்கு விருப்பமிருந்தால் தமிழ்நாட்டிலேயே விண்ணப்பிக்கலாம். ஆனால் அவள் கேட்பது வேளாண்மை ஆயிற்றே.

வேளாண்மைப் பட்டப்படிப்பு நான்கு ஆண்டு. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் கவுன்சலிங் நடத்துகிறது. கால்நடை மருத்துவம் ஐந்தரை ஆண்டு. அதற்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு அங்கேயும் நீட் கிடையாது. ஒன்றுக்குப் போட்டால் இரண்டுக்கும் போட்டதாக நினைத்து ஏமாந்த வீடுகள் உண்டு. உங்கள் மகள் உயிரியல் படித்தவள், இரண்டுக்கும் போடட்டும். கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்று மலையடிவாரத்துக்கு அருகில், தலைவாசலிலேயே இருக்கிறது.

இப்போது கவனமாகப் படியுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, 2021-ம் ஆண்டுச் சட்டப்படி பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 7.5 சதவிகித இடம் தனியாக உண்டு. பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளும் அரசுப் பள்ளிகள்தான். இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசின் பொறுப்பு. ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்ததற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். இடையில் பள்ளி மாறியிருந்தால் அந்தப் பள்ளிக்கும் போக வேண்டியிருக்கும்.

பெரிய வேலை சாதிச் சான்றிதழ். பழங்குடிக்கு இட ஒதுக்கீடு 1 சதவிகிதம். சான்றிதழ் இல்லையென்றால் அதுவும் இல்லை. மற்ற சாதிகளுக்குத் தாசில்தார் அலுவலகத்தோடு முடிகிற வேலை, பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் வரை போகிறது. மனு இ-சேவை மையத்தில் கொடுக்கலாம், ஆனால் விசாரணை முடிந்து கைக்கு வர நாளாகும். மலையாளி சமூகம் பழங்குடிப் பட்டியலில் மாவட்டப் பெயரோடுதான் இருக்கிறது: தர்மபுரி, வடஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சி. கள்ளக்குறிச்சி 2019-ல்தான் தனி மாவட்டமானது. பழைய தென்னாற்காட்டில் இருந்ததால் உங்களுக்குச் சிக்கலில்லை. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் உள்ள அதே மலையாளி மக்கள், அந்த மாவட்டப் பெயர் பட்டியலில் இல்லாத ஒரே காரணத்துக்காகப் பல வருடமாகப் போராடுகிறார்கள். உங்கள் சான்றிதழோ அண்ணன் தம்பியின் சான்றிதழோ இருந்தால் மனுவோடு வையுங்கள், விசாரணை எளிதாகும்.

இ-சேவைக்குப் போகும் அதே நடையில் வருமானச் சான்றும் முதல் பட்டதாரிச் சான்றும் கேளுங்கள். கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. பள்ளிக்கூடமே தாமதமாக வந்த மலையில் பெரும்பாலான வீடுகளில் பட்டதாரி இல்லாததில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்தச் சான்று கட்டணச் சலுகைக்கு உதவும். மகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு, கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

மார்க் குறைந்து பட்டப்படிப்பு கிடைக்காவிட்டால் இரண்டு ஆண்டு வேளாண்மை அல்லது தோட்டக்கலை டிப்ளமோ இருக்கிறது. டிப்ளமோ என்றால் முகம் சுளிக்கிறவர்கள் அதிகம். உங்கள் காட்டுக்கு வந்துபோகும் உதவி வேளாண்மை அலுவலர் வேலைக்கு அந்த டிப்ளமோதான் தகுதி. எங்கே சேர்த்தாலும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரியா என்று பார்த்துச் சேருங்கள். 'பி.எஸ்சி. அக்ரி' என்று போர்டு வைத்த எல்லா இடத்துப் பட்டமும் அரசு வேலைக்குச் செல்லும் என்று நம்பாதீர்கள்.

மலைப்பிள்ளைக்கு இதெல்லாம் நடக்குமா என்று யாராவது சொன்னால், 2025-ல் கருமந்துறை உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த பெண் சென்னை ஐ.ஐ.டி-க்குப் போனதைச் சொல்லுங்கள். அதுவும் உங்கள் மலைதான், சேலம் மாவட்டப் பக்கம்.

பையனைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவனைப் பற்றித்தான் அதிகக் கவலை. பத்தாவது முடித்த பையன்களைத் தேடி மேஸ்திரிகள் அட்வான்ஸ் பணத்தோடு வருவார்கள். அப்படி மரம் வெட்டப் போனவர்களில் 20 பேர் 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவில் சேஷாசலம் காட்டில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார்கள். பலர் ஜவ்வாது மலை, சித்தேரி மலைக்காரர்கள், உங்கள் சமூகத்துப் பிள்ளைகள்.

அவனுக்குப் படிப்பு ஓடினால் பிளஸ் ஒன்னில் எந்தப் பிரிவு என்பதை இப்போதே யோசியுங்கள். கூட்டாளி சேர்ந்தான் என்று வணிகவியல் எடுத்தால் வேளாண்மைக் கதவு அன்றைக்கே சாத்திவிடும். தொழிற்கல்வியில் வேளாண் பிரிவு உள்ள பள்ளியென்றால் அதுவும் நல்லது, பல்கலைக்கழகத்தில் அவர்களுக்கும் இடம் ஒதுக்குகிறார்கள். கைவேலையில் ஆர்வமென்றால் கருமந்துறையில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டுப் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அவனுக்கும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும், ஐ.டி.ஐ-க்கும் உண்டு.

மேற்கொண்டு சந்தேகமென்றால் பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணில் கேளுங்கள். இ-சேவைக்கு மகளோடு பையனையும் கூட்டிப் போய் அவனுக்கும் சாதிச் சான்றிதழ் மனு கொடுத்துவிடுங்கள். வந்ததும் ஆளுக்கு ஐந்து ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, அசலைப் பாலிதீன் உறையில் போட்டுப் பெட்டியில் பூட்டி வையுங்கள்.