பொற்கைப் பாண்டியனும் ஜெய்ப்பூர்க் காலும்

பாண்டிய நாட்டுக் கதைகளுள் பொற்கைப் பாண்டியன் கதையை அறியாதார் சிலரே. தன் பிழைக்குத் தானே தண்டனை விதித்துக் கையைத் துணித்துக்கொண்ட மன்னனுக்குப் பொன்னால் கை வாய்த்தது என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. வகுப்பறைகளில் நாம் வியந்து நிற்கும் இடமும் அந்த நீதியே. அக்கையால் அவன் சோற்றைப் பிசைந்தானா, அதன் கனம் தோளை இழுத்ததா, கோடையில் தோல் கன்றிப்போனதா என்று நாம் கேட்பதில்லை. செயற்கை உறுப்பைப் பற்றி இன்றும் நாம் பேசும் முறை இதுவே. பொருத்திய நாளோடு கதையை முடித்துவிடுகிறோம்.

1981இல் தமிழ்நாட்டில் நேர்ந்த பேருந்து விபத்தில் வலக்காலை இழந்த சுதா சந்திரன், ஜெய்ப்பூர்க் காலுடன் 1984இல் மீண்டும் மேடையேறியதை நாடே கொண்டாடியது. 'மயூரி' என்னும் படமாகவும் அது வந்தது. போற்றத்தக்க சாதனை, ஐயமில்லை. ஆனால் நடனமாடத் தெரியாத, ஆட வேண்டிய தேவையும் இல்லாத ஒருவர் காலையில் எழுந்து பேருந்து நிறுத்தம்வரை நடப்பதை எந்தக் கதையும் சொல்வதில்லை.

விருதுநகர் மாவட்டத்தின் பட்டாசுப் பகுதியில் இக்கேள்வி இன்னும் கூர்மையடைகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்கள் போயின. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தோர் எண்ணிக்கை தலைப்பில் வருகிறது. காயமுற்றோர் கடைசி வரியில் ஓர் எண்ணாக நின்றுவிடுகின்றனர். கையையோ காலையோ இழந்து அவர்களுள் சிலர் வாழப்போகும் முப்பது, நாற்பது ஆண்டுகள் செய்தியாவதே இல்லை.

அந்த ஆண்டுகள் எத்தகையவை? முழங்காலுக்குக் கீழே கால் போனவருக்கு, எஞ்சிய பகுதியின் வீக்கம் வடியக் கட்டுப்போட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிறகு மாவுக்கட்டில் அச்செடுத்து, சாக்கெட் எனப்படும் கிண்ணத்தை வார்ப்பார்கள். உடலின் பாரத்தை வெட்டுப்பட்ட முனை தாங்குவதில்லை. முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநார்ப் பகுதியும் பக்கங்களுமே பெரிதும் தாங்குகின்றன. முதல் ஓராண்டில் எஞ்சிய கால் மேலும் சுருங்க, கிண்ணம் தளர்ந்துவிடும். உறைமேல் உறை போட்டுச் சமாளித்தபின் புதிதாக வார்க்க வேண்டும். வளரும் குழந்தைக்கு அடிக்கடி மாற்ற வேண்டும். தீக்காயத்தில் கால் போனவர் பாடு இன்னும் கடினம். தழும்பேறிய தோல் எலும்போடு ஒட்டிக்கிடக்கும். சிறு உராய்வுக்கும் பிய்ந்துவிடும். இத்தனைக்கும் மேல் நம் ஊர் வெயிலும் கிண்ணத்துள் தேங்கும் வியர்வையும்.

ஜெய்ப்பூரில் 1968இல் ராமச்சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் மருத்துவர் பி.கே.சேத்தியும் உருவாக்கிய காலின் பெருமை, இந்த அன்றாடத்தை அது கணக்கில் எடுத்துக்கொண்டதே. மேனாட்டுக் கால் சப்பாத்துக்குள் நுழைவதற்கென்று செய்யப்பட்டது. ஜெய்ப்பூர்க் காலோ வெறுங்காலாக நடக்கவும், குத்தவைக்கவும், சம்மணமிடவும், சேற்றில் இறங்கவும் ரப்பரால் வடிவமைக்கப்பட்டது. பயன்படுத்துவோர் எப்படி வாழ்கிறார் என்று கேட்டபின் பிறந்த பொருள் அது. மகசேசே விருது 1981இல் மருத்துவருக்குக் கிடைத்தது. கைவினைஞரின் பெயர் விருதில் இல்லை. உழைக்கும் கைகள் மறக்கப்படுவது சிவகாசிக்கு மட்டும் உரிய வழக்கமன்று.

கால் கிடைத்தபின் வேலை? மருந்து கலக்கும் அறைக்குள் இரும்பும் மணற்துகளும் நுழையலாகாது என்பது பட்டாசுத் தொழிலின் பாலபாடம். உலோகத் தண்டும் திருகாணியும் கொண்ட காலோடு ஒருவர் பழைய இடத்துக்குத் திரும்புவது எங்ஙனம்? பணிக்காலத்தில் ஊனமுற்றவரை வேலையைவிட்டு நீக்கலாகாது என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் கூறுகிறது. அப்பாதுகாப்பு அரசு நிறுவனங்களில் பணிபுரிவோர்க்கே. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் உறுப்புகளுக்கு விழுக்காடு வகுத்தது. அவ்வட்டவணையில் ஒரு பாதத்தின் இழப்பு, ஈட்டும் திறனில் 50 விழுக்காடு. நின்றும் குனிந்தும் பிழைப்பவருக்கு மீதி 50 எங்கே இருக்கிறது என்று அட்டவணை சொல்லவில்லை.

ஆகவே நாம் வேண்டுவது மேடை போட்டு ஒரே நாளில் கால் வழங்கும் முகாம்களை மட்டுமன்று. அவை தேவையே, ஆனால் பந்தல் பிரித்தபின் தளர்ந்த கிண்ணத்தை யாரிடம் கொண்டுபோவது? விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அதனோடு இணைந்து, அச்செடுக்கவும் பழுதுபார்க்கவும் நடை பழக்கவும் வல்லோர் ஆண்டு முழுதும் இருக்கும் பட்டறை வேண்டும். பட்டாசு ஆலைகளில் அட்டைப்பெட்டி, சிட்டை ஒட்டுதல், கணக்கு எனத் தீப்பொறிக்கு அப்பாற்பட்ட பணிகளில் விபத்துக்கு உள்ளானோர்க்கு முதலிடம் தர வேண்டும்.

தமிழ் கற்பிப்போர் என்ற முறையில் ஒன்று கூறுவோம். 'பொய்க்கால்' என்ற சொல் குதிரையாட்டத்துக்கே இருக்கட்டும். வலித்து, கன்றி, பழகி, தன் உடலைச் சுமக்கும் காலில் பொய் ஏதுமில்லை.